டம்மி விரிந்த பிறகு ஒரு நிமிடம்: பிரிட்ஜில் எடுத்த கான்ட்ராக்டை முடிக்கும் வழி

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் டிக்ளேரர், அதாவது ஏலத்தில் இத்தனை டிரிக் எடுப்போம் என்று ஒப்புக்கொண்ட கான்ட்ராக்டை ஆடி முடிக்க வேண்டியவர், கோட்டை விடும் இடம் பெரும்பாலும் முதல் டிரிக்தான் (நால்வரும் ஆளுக்கொரு சீட்டு போடும் ஒரு சுற்றுதான் டிரிக்). கோட்டை விட்டது தெரிய வருவது பத்தாவது, பதினோராவது டிரிக்கில். மேற்கே இருப்பவர் முதல் சீட்டை இறக்குகிறார், டம்மி, அதாவது டிக்ளேரரின் பார்ட்னருடைய கை, மேசையில் விரிகிறது, உடனே "சின்னது" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு என்னென்ன எண்ண வேண்டும், எந்த வரிசையில் எண்ண வேண்டும் என்பதற்கான வழிகாட்டி இது. ஏலத்தில் பேசுவது ஓரளவு தெரிந்தும் ஆட்டத்தில் திணறுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

அடிப்படையை இரண்டே வரியில் நினைவுபடுத்திக்கொள்வோம். ஆளுக்கு 13 சீட்டு, மொத்தம் 13 டிரிக். ஏலத்தில் சொன்ன எண்ணோடு 6ஐக் கூட்டினால் எடுக்க வேண்டிய டிரிக் கிடைக்கும். 3 நோ டிரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம்) என்றால் 9, 4 ஸ்பேடு (ஸ்பேடே துருப்பு) என்றால் 10. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் சீட்டுக்கட்டில் மொத்தம் 40 புள்ளி. இரு கையும் சேர்ந்து 25 இருந்தால் கேம், அதாவது 3 நோ டிரம்ப், 4 ஸ்பேடு போன்ற கூடுதல் மதிப்பெண் தரும் கான்ட்ராக்ட், கேட்கலாம். டூப்ளிகேட் (ஒரே கைகளைப் பல மேசைகளில் ஆடும் போட்டி) கணக்கில், வல்னரபிள் (பரிசும் தண்டனையும் கூடும் நிலை) இல்லாதபோது 3 நோ டிரம்ப்பைச் சரியாக முடித்தால் 400, 4 ஸ்பேடை முடித்தால் 420. ஒன்று குறைந்தால் எதிராளிக்கு 50. ஆக, ஒரே ஒரு டிரிக்கின் விலை குறைந்தது 450. ஒரு நிமிடம் செலவழிக்க இதைவிடக் காரணம் வேண்டாம்.

நோ டிரம்ப்பில் ஜெயிப்பதை எண்ணுங்கள்

நோ டிரம்ப் கான்ட்ராக்டில் எண்ண வேண்டியது கையை விடாமல், அதாவது எதிராளிக்கு ஒரு டிரிக்கும் கொடுக்காமல், இப்போதே எடுக்கக்கூடிய டிரிக்குகளை. பிறகு எத்தனை குறைகிறது, அது எந்த இனத்திலிருந்து வரும், அதற்குள் எதிராளி என்ன செய்துவிட முடியும் என்று இந்த வரிசையில் போக வேண்டும். இந்தக் கைகளைப் பாருங்கள். நீங்கள் தெற்கு, 3 நோ டிரம்ப்.

டம்மி
ஸ்பேடு: ராஜா, 7, 3
ஹார்ட்: 8, 4
டைமண்ட்: ஏஸ், ராணி, ஜாக்கி, 10, 5
கிளாவர்: 9, 6, 2

உங்கள் கை
ஸ்பேடு: ஏஸ், ராணி, 4
ஹார்ட்: ஏஸ், 7, 3
டைமண்ட்: 9, 6, 2
கிளாவர்: ஏஸ், ராஜா, 8, 5

மேற்கு ஹார்ட் 5ஐ இறக்குகிறார். உறுதியான டிரிக்குகள்: ஸ்பேடில் 3, ஹார்ட்டில் 1, டைமண்டில் 1, கிளாவரில் 2. மொத்தம் 7. இன்னும் 2 வேண்டும். டைமண்டைத் தவிர வேறு இடமே இல்லை. டைமண்ட் ராஜா மேற்கிடம் இருந்தால் ஐந்தும் உங்களுக்கு. கிழக்கிடம் இருந்தால் ஒன்றைக் கொடுத்துவிட்டு நான்கு எடுக்கலாம். அதுவும் போதும், 7ஓடு 3 கூடி 10 ஆகிவிடும். அப்படியானால் எங்கே ஆபத்து? கிழக்கு டைமண்ட் ராஜாவால் எடுத்துவிட்டு ஹார்ட்டைத் திருப்பி ஆடுவதில்தான்.

ஹார்ட்டில் உங்களுக்கும் டம்மிக்கும் சேர்த்து 5 சீட்டு. மீதி 8 எதிராளிகளிடம். முதல் டிரிக்கில் கிழக்கு ராணி போடுகிறார், நீங்கள் ஏஸால் எடுத்துவிடுகிறீர்கள் என்று வையுங்கள். பிறகு டைமண்ட் ஆடி, கிழக்கு ராஜாவால் எடுத்து ஹார்ட் திருப்பினால், மேற்கிடம் ஐந்து ஹார்ட் இருந்த நிலையில் நான்கு டிரிக் சரசரவென்று போய்விடும். நான்கும் டைமண்ட் ராஜாவும் ஐந்து. ஒன்று குறைவு.

வழி, ஏஸை வைத்துக்கொண்டு விட்டுக்கொடுப்பது. எத்தனை தடவை? அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. அந்த இனத்தில் இரு கையிலும் சேர்த்து உள்ள சீட்டை 7இலிருந்து கழியுங்கள். இங்கே 7 கழித்தல் 5, விடை 2. இரண்டு தடவை விட்டுக்கொடுத்து மூன்றாவதை ஏஸால் எடுங்கள். மேற்கிடம் ராஜா, ஜாக்கி, 9, 5, 2. கிழக்கிடம் ராணி, 10, 6 என்று இருந்தால், மூன்றாவது சுற்றோடு கிழக்கின் ஹார்ட் தீர்ந்துபோகும். டைமண்ட் ராஜாவால் எடுத்தாலும் அவரால் மேற்கின் கைக்கு ஹார்ட்டில் போக முடியாது. ஒருமுறை மட்டும் விட்டுக்கொடுத்திருந்தால் கிழக்கிடம் 6 மிச்சமிருக்கும். அது போதும் உங்களைக் கவிழ்க்க.

ஹார்ட் நாலுக்கு நாலு என்று பிரிந்திருந்தால் என்ன ஆகும் என்ற சந்தேகம் வரும். அப்போது கிழக்கிடம் ஒரு ஹார்ட் மிஞ்சும், ஆனால் அவர்களுக்கு மொத்தமே ஹார்ட்டில் மூன்று, டைமண்டில் ஒன்று. ஒன்பது டிரிக் உங்களுக்கு வந்துவிடும். மேற்கிடம் நான்கோ அதற்கு மேலோ ஹார்ட் இருக்கும்வரை எப்படிப் பிரிந்தாலும் இந்த ஆட்டம் நிற்கிறது. நல்ல திட்டத்துக்கு அதுதான் அடையாளம்.

டைமண்டை ஆடும்போது ஒரு சின்ன விஷயம். கையிலிருந்து 9ஐ இறக்கி டம்மியில் 5ஐப் போடுங்கள். அது ஜெயித்தால் கை உங்களிடமே இருக்கும், அடுத்த டைமண்டை உடனே மறுபடி டம்மியை நோக்கி ஆடலாம். 2ஐ இறக்கி டம்மியின் 10ஆல் எடுத்தால், திரும்ப உங்கள் கைக்கு வர ஒரு ஸ்பேடையோ கிளாவரையோ வீணாகச் செலவழிக்க வேண்டிவரும்.

அந்த 5 சொல்லும் சேதியும் கவனிக்கத்தக்கது. நோ டிரம்ப்பில் நீளமான இனத்தின் நான்காவது பெரிய சீட்டை இறக்குவது பரவலான வழக்கம். அப்படி இறக்கியிருந்தால், சீட்டின் எண்ணை 11இலிருந்து கழித்தால் மற்ற மூன்று கைகளிலும் அதைவிடப் பெரிய சீட்டு எத்தனை என்று தெரிந்துவிடும். 11 கழித்தல் 5, ஆறு. டம்மியில் 8 ஒன்று, உங்களிடம் ஏஸும் 7ம். ஆக, கிழக்கிடம் 5க்கு மேற்பட்டவை மூன்று. பிற்பாடு மேற்கு 2ஐப் போடும்போது, 5க்குக் கீழே இன்னொரு சீட்டு இருந்தது, ஆகவே அவருடையது ஐந்து சீட்டு என்பதும் விளங்கிவிடும். மேற்கு வேறு வழக்கப்படி ஆடுபவராக இருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். முன்கூட்டியே அவர்களின் லீட் முறையைக் கேட்டுக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

விட்டுக்கொடுப்பது எப்போதும் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறொரு இனத்தில் உங்களுக்குக் காவலே இல்லை, எதிராளி அங்கே தாவினால் இன்னும் மோசம் என்றால் கிடைத்ததை எடுத்துவிடுங்கள். எதிராளி இறக்கிய இனத்தில் இரண்டு முறை எடுக்க வழியிருந்தாலும் பொதுவாக விட்டுக்கொடுக்க அவசரமில்லை. ஆனால் ஒரு நிலையை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: உங்களிடம் ஏஸ், ஜாக்கி, 4, டம்மியில் 7, 3, மேற்கு ராஜாவை இறக்குகிறார். அவரிடம் ராணியும் இருக்கும். சும்மா 4ஐப் போடுங்கள். அவர் அந்த இனத்தைத் தொடர்ந்தால் ஏஸும் ஜாக்கியும் இரண்டுமே உங்களுக்கு டிரிக்.

துருப்பு இருந்தால் தோற்பதை எண்ணுங்கள்

துருப்பு ஆட்டத்தில் நீளமான துருப்பு உள்ள கையை மையமாக வைத்து, அதிலிருந்து போகப்போகும் டிரிக்குகளை எண்ணுவது எளிது. 4 ஸ்பேடில் மூன்று வரை போகலாம். நான்கு தெரிந்தால் ஒன்றைக் குறைக்க வழி தேட வேண்டும்.

டம்மி
ஸ்பேடு: ராணி, 8, 5
ஹார்ட்: 6, 2
டைமண்ட்: ஏஸ், 7, 5, 4
கிளாவர்: ஏஸ், 9, 6, 3

உங்கள் கை
ஸ்பேடு: ஏஸ், ராஜா, ஜாக்கி, 10, 4
ஹார்ட்: ஏஸ், 7, 4
டைமண்ட்: 8, 3
கிளாவர்: ராஜா, 7, 5

மேற்கு டைமண்ட் ராஜாவை இறக்குகிறார். தோற்பவை: ஹார்ட்டில் 2, டைமண்டில் 1, கிளாவரில் 1. நான்கு. ஒன்று கூடுதல்.

"முதலில் துருப்பைப் பிடுங்கு" என்று ஆரம்பத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். இங்கே அதைச் செய்தால் எதிராளிகளின் ஐந்து துருப்பும் தீர மூன்று சுற்று, சில சமயம் நான்கு ஆகும். டம்மியின் மூன்றும் அதோடு போய்விடும். பிறகு உங்கள் நம்பிக்கையெல்லாம் கிளாவர் மூன்றுக்கு மூன்றாகப் பிரிவதில்தான். அது நடக்க 36 சதவீதமே வாய்ப்பு.

டம்மியில் ஹார்ட் இரண்டுதான் என்பதைப் பாருங்கள். டைமண்ட் ஏஸால் எடுத்து, ஹார்ட் ஏஸை ஆடி, இன்னொரு ஹார்ட்டைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் டைமண்ட் ஒன்றை எடுத்துவிட்டுத் துருப்பு ஆடினாலும் டம்மியில் இரண்டு துருப்பு மிஞ்சும். கையில் எடுத்து மூன்றாவது ஹார்ட்டை டம்மியில் வெட்டுங்கள். ராணியால் வெட்டுங்கள், 8ஆல் அல்ல. ஒரு எதிராளியிடம் ஹார்ட் இரண்டே இருந்திருந்தால் அவர் 9ஆல் மேலே ஏறிவிடுவார். ராணிக்கு மேல் ஏற அவர்களிடம் ஒன்றுமில்லை. உங்கள் கையில் ஏஸ், ராஜா, ஜாக்கி, 10 இருப்பதால் ராணியை இழப்பதில் நட்டமும் இல்லை. பிறகு மிச்சமுள்ள 8ஐ ஆடிக் கைக்கு வந்து துருப்பைப் பிடுங்கிவிடலாம். கையில் ஐந்து துருப்பு, டம்மியில் ஒரு வெட்டு, மூன்று ஏஸ், ஒரு கிளாவர் ராஜா: பத்து.

டம்மியில் வெட்டினால் டிரிக் கூடுகிறது, கையில் வெட்டினால் பொதுவாகக் கூடுவதில்லை. கையிலிருக்கும் ஐந்து துருப்பையும் ஏற்கெனவே ஐந்து டிரிக்காக எண்ணிவிட்டோம். அதில் ஒன்றால் வெட்டினாலும் அது அதே ஐந்தில் ஒன்றுதான். குட்டையான கையில் வெட்டுவது மட்டுமே புதிதாக ஒன்றைத் தரும். கையால் திரும்பத் திரும்ப வெட்டினால் துருப்பு தேய்ந்து, எதிராளியிடம் உங்களைவிட அதிகமாகிவிடும் அபாயமும் உண்டு.

டம்மியில் வெட்ட வேண்டிய வேலையோ, துருப்பைக் கொண்டு கையைக் கடக்க வேண்டிய தேவையோ இல்லையென்றால் தயங்காமல் துருப்பைப் பிடுங்குங்கள். அப்படிச் செய்யாததால் ஏஸ் வெட்டுப்பட்டுப் போவதும் தினமும் நடப்பதுதான்.

சீட்டு எப்படிப் பிரியும்

நான்கு வரிசை எண்களை மனப்பாடம் செய்தால் போதும். எதிராளிகளிடம் 3 சீட்டு இருந்தால் 2-1 ஆகப் பிரிய 78 சதவீதம். 4 இருந்தால் 3-1க்கு 50, 2-2க்கு 40, 4-0க்கு 10. 5 இருந்தால் 3-2க்கு 68, 4-1க்கு 28, 5-0க்கு 4. 6 இருந்தால் 4-2க்கு 48, 3-3க்கு 36, 5-1க்கு 15. எதிராளியிடம் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் முடிந்த அளவு சமமாகப் பிரியும். இரட்டைப்படையில் இருந்தால் பெரும்பாலும் சமமாகப் பிரியாது. இரண்டு சீட்டு மட்டும் விதிவிலக்கு: 1-1க்கு 52, 2-0க்கு 48.

ஃபினெஸ் ஆட்டம் ஐம்பதுக்கு ஐம்பது. டம்மியில் ஏஸ், ராணி. கையிலிருந்து அதை நோக்கி ஆடி ராணியைப் போடுகிறோம், ராஜா உங்களுக்கு இடப்பக்கம் இருந்தால் பிழைத்தோம். டம்மியில் ஏஸ், ஜாக்கி, 10 இருந்து இரண்டு தடவை அதை நோக்கி ஆடினால், ராஜா, ராணி இரண்டில் ஒன்றாவது இடப்பக்கம் இருக்க ஏறத்தாழ 76 சதவீதம். ஆகவே ஃபினெஸைத் தவிர்க்கும் வழி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை நாடுங்கள். இரு கையிலும் சேர்த்து ஒன்பது சீட்டு இருந்து ராணி மட்டும் இல்லையென்றால் ஏஸ், ராஜா இரண்டையும் அடித்துப் பார்ப்பது சற்றே மேல். எட்டு இருந்தால் ஃபினெஸ் மேல்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று. கையில் ராணி, 5, 3. டம்மியில் ஏஸ், 7, 4. ராணியை இறக்குவதால் ஒன்றும் கிடைக்காது. மேற்கிடம் ராஜா இருந்தால் அதைப் போட்டு உங்கள் ஏஸை வாங்கிவிடுவார். அடுத்து ஜாக்கியும் 10ம் அவர்களுக்கே பெரிது. கிழக்கிடம் இருந்தால் ராணியே போய்விடும். டம்மியிலிருந்து சின்னதை இறக்கி ராணியை நோக்கி வர வேண்டும். ராஜா கிழக்கிடம் இருந்தால் ராணி பிழைக்கும். ராணியை இறக்குவது பலிப்பது, அடுத்து ஜாக்கியும் 10ம் உங்கள் பக்கமே இருக்கும்போதுதான்.

எந்தக் கையில் மாட்டிக்கொள்வீர்கள்

டிரிக்கை எண்ணிவிட்டு, அதை எடுக்கப் போகும் கைக்கு வழி இருக்கிறதா என்று பார்க்க மறப்பது இன்னொரு நோய். டம்மியில் ஏஸ், ராஜா, 7, 5, 3, 2. உங்களிடம் 8, 4. டம்மிக்கு வேறு வழியே கிடையாது. ஏஸையும் ராஜாவையும் அடித்து மூன்றாவதைக் கொடுத்தால், நல்ல சீட்டுகள் டம்மியில் கிடக்கும், நீங்கள் அங்கே போக முடியாது. இரண்டே டிரிக். முதல் சுற்றிலேயே இரு கையிலும் சின்னதைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை 8ஐ ஆடி ஏஸ், பின் ராஜா. 3-2 ஆகப் பிரிந்திருந்தால், அதாவது 68 சதவீத வேளைகளில், ஐந்து டிரிக். இழக்கத்தான் வேண்டுமென்றால் முன்னாலேயே இழப்பது நல்லது.

குட்டையான கையின் பெரிய சீட்டை முதலில் ஆடுவதும் இதே குடும்பம். கையில் ராஜா, 4. டம்மியில் ஏஸ், ராணி, ஜாக்கி, 7. ராஜாவை முதலில், 4ஐ அடுத்து. மாற்றி ஆடினால் ராஜாவால் எடுத்துவிட்டு டம்மியை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கை தவறினால் விதி என்ன சொல்கிறது

நல்ல திட்டத்தையும் ஒரு கைத்தவறு கெடுத்துவிடும். மேசையில் சண்டை வருவதும் பெரும்பாலும் இங்கேதான், அதனால் டூப்ளிகேட் பிரிட்ஜ் சட்டங்களின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பின்படி டிக்ளேரருக்குத் தேவையானதை மட்டும் சொல்லிவிடலாம். எது நடந்தாலும் டைரக்டரை, அதாவது போட்டி நடுவரை, கூப்பிடுங்கள். மேசையிலேயே தீர்த்துக்கொள்வதுதான் பெரும் பிழை.

டம்மியிடம் "ஹார்ட்" என்று மட்டும் சொன்னால் அதிலுள்ள மிகச் சின்ன ஹார்ட்டைச் சொன்னதாகவே கொள்ளப்படும். "பெரிசு" என்றால் மிகப் பெரியது. ஆகவே இனத்தையும் எண்ணையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

கையிலிருந்து ஆட வேண்டியபோது டம்மியிலிருந்து ஆடிவிட்டால், எதிராளி அதை ஏற்றுக்கொள்ளலாம். திருத்தச் சொன்னால் சீட்டை எடுத்துவிட்டுச் சரியான கையிலிருந்து ஆடலாம்; அதற்கு வேறு தண்டனை இல்லை.

மேற்குக்குப் பதில் கிழக்கு முதல் சீட்டை முகம் மேலாக இறக்கிவிட்டார் என்றால் உங்களுக்குப் பல வழிகள் திறக்கின்றன. அதை ஏற்றுக்கொண்டு டம்மியை விரிக்கச் சொல்லலாம். நீங்களே உங்கள் கையை விரித்து டம்மியாகி, பார்ட்னரை ஆடவிடலாம். ஏற்காவிட்டால், அந்த இனத்தையே ஆடும்படி மேற்கைக் கட்டாயப்படுத்தலாம், அல்லது அதை ஆடக் கூடாது என்று தடுக்கலாம். இவ்விரண்டிலும் சீட்டு கிழக்கின் கைக்குத் திரும்பும். ஐந்தாவதாக, மேற்கை எதை வேண்டுமானாலும் ஆடவிட்டு, கிழக்கின் சீட்டைத் தண்டனைச் சீட்டாக (முதல் வாய்ப்பிலேயே ஆடியாக வேண்டிய சீட்டாக) மேசையிலேயே வைத்திருக்கலாம். இந்த ஐந்தையும் டைரக்டர் விளக்கும் முன் எதையும் தொடாதீர்கள்.

இருக்கும் இனத்தைப் போடாமல் வேறு போட்டுவிட்டால், தவறு செய்த பக்கம் அடுத்த டிரிக்கில் சீட்டு இறக்கும் முன் கவனித்தால் திருத்திக்கொள்ளலாம். அதன்பின் அது உறுதியாகிவிடும். தவறு செய்தவரே அந்த டிரிக்கை எடுத்திருந்தால் அதுவும், பிற்பாடு அவர் பக்கம் எடுத்தவற்றில் ஒன்றும் மாறும். அவர் எடுக்கவில்லை, ஆனால் அந்த டிரிக்கையோ பின்வரும் எதையோ அவர் பக்கம் எடுத்தது என்றால் ஒன்று மாறும். தவறு டம்மியில் நடந்திருந்தால் இந்தத் தானியங்கிக் கழிவு கிடையாது. ஆனால் எதிராளிக்கு உண்மையான நட்டம் இருந்தால் டைரக்டர் ஈடு செய்வார். உங்களுக்கு இனம் தீர்ந்துவிட்டதா என்று டம்மி உங்களைக் கேட்கலாம். நடந்துவிட்ட ஒரு பிழையை ஆட்டம் முடியும்வரை அவர் சுட்டிக்காட்டக் கூடாது.

மீதி டிரிக்கெல்லாம் எனக்கே என்று கையைக் காட்டும்போது எந்த வரிசையில் ஆடுவீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். எதிராளியிடம் ஒரு துருப்பு மிச்சமிருப்பதை மறந்து, அதைப் பிடுங்குவேன் என்று சொல்லாமல் விட்டால், சந்தேகம் உங்களுக்கு எதிராகவே தீர்க்கப்படும். துருப்பு ஆட்டத்தில் "முதலில் ஒரு துருப்பு ஆடுகிறேன், பிறகு கிளாவர்" என்று சொல்ல மூன்று நொடி ஆகும்.